மூன்றுபடி மாவு

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு எங்கள் சபையில் மத்தேயு 13:33 பிரசங்கம்: பரலோகராஜ்யம் புளித்தமாவுக்கு ஒப்பு, ஒரு ஸ்திரீ அதை எடுத்து மூன்றுபடி மாவில் முழுவதும் புளிக்கும்வரை அடக்கி வைத்தாள் என்கிற உவமை. வேதத்தில் புளிப்பு என்றாலே பாவம், அந்த ஸ்திரீ கள்ள உபதேசத்துக்கு அடையாளம், சபைக்குள் கேடு நுழைவதைத்தான் இயேசு சொன்னார் என்றார்கள். அப்படித்தானா? இராப்போஜனத்துக்குப் புளிப்பில்லாத அப்பம்தான் எடுக்க வேண்டுமா? இன்னொன்று, இதோடு சம்பந்தமில்லாதது: கல்யாணமாகி வந்த வீட்டில் 9 வருஷமாக நான் ஒருத்திதான் ஜெபிக்கிறேன். யாரிடமும் ஒரு அசைவும் இல்லை.

ஜெ., சாயர்புரம்

அன்புள்ள சகோதரி ஜெ.,

இராப்போஜனக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கத்தோலிக்கர் புளிப்பில்லாததை எடுக்கிறார்கள், ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலும் புளித்தது. உங்கள் சபையில் எது வழக்கமோ அதை வாங்கிப் புசியுங்கள்.

புளிப்பு என்றாலே பாவம் என்பவர்கள் லேவியராகமத்தைத் திறந்து பார்க்கட்டும். பெந்தெகொஸ்தே பண்டிகைக்குக் கர்த்தர் கேட்ட இரண்டு அப்பங்களும் புளித்த மாவில் சுட்டவை (23:17). ஸ்தோத்திர பலியோடும் புளித்த அப்பம் உண்டு (7:13). பரிசேயரின் புளித்தமாவுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்று இயேசு சொன்னார், கொரிந்தியருக்குப் பவுலும் அந்தப் பொருளில் எழுதினார், சரி. கெர்ச்சிக்கிற சிங்கம் பிசாசுக்கு உவமை என்பதால் கிறிஸ்துவை யூதா கோத்திரத்துச் சிங்கம் என்பதை விட்டுவிடுகிறோமா? அந்த ஸ்திரீயைக் கள்ள உபதேசம் என்பது அதைவிட மோசம். கடுகு விதைக்கு ஒரு மனுஷன், புளித்தமாவுக்கு ஒரு ஸ்திரீ; காணாமற்போன ஆட்டுக்கு ஒரு மனுஷன், வெள்ளிக்காசுக்கு ஒரு ஸ்திரீ. இயேசு ஜோடியாகச் சொன்ன உவமைகள் இவை. வீட்டுக்கு அப்பம் சுடுகிறவளைப் பிரசங்க பீடத்தில் நிறுத்தி ஏசுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

எனக்கு நெடுநாளாக உறுத்துவது அந்த ‘மூன்றுபடி’. நம் ஊர்ப் படி இடத்துக்கு இடம் மாறும். ஒன்றரை லிட்டர் சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுபடி என்றால் ஒரு குண்டான் மாவு, இரண்டு வேளைச் சப்பாத்தி என்றுதான் வாசிக்கிறோம். கிரேக்க மூலத்தில் உள்ள அளவு ‘சாத்தோன்’, எபிரெயத்தில் ‘சேயா’. முதல் நூற்றாண்டு யூத சரித்திர ஆசிரியர் யோசேபஸின் கணக்கில் ஒரு சாத்தோன் ‘மோதியுஸ்’ என்ற ரோம அளவில் ஒன்றரை, அதாவது சுமார் 13 லிட்டர். மூன்று என்றால் 39 லிட்டர். எடை 20 கிலோவுக்கு மேல்.

மூன்று சேயா ஓர் ஏப்பா. மம்ரேயின் சமபூமியில் மூன்று பேர் வந்து நின்றபோது ஆபிரகாம் சாராளைப் பிசையச் சொன்னது இந்த அளவுதான். கிதியோன் தூதனுக்குச் சுட்டதும், அன்னாள் சாமுவேலோடு சீலோவுக்குக் கொண்டுபோனதும் ஓர் ஏப்பா. நம் வேதாகமம் அந்த இரண்டு இடத்திலும் ‘ஒரு மரக்கால்’ என்கிறது. நம் ஊர் மரக்காலுக்கு எட்டுப் படி என்பதால் வேதத்தின் மூன்றுபடியும் ஒரு மரக்காலும் ஒரே அளவு என்பது தமிழில் வாசிக்கிறவர் கண்ணில் படுவதேயில்லை. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஜனங்கள் கையிலிருந்த அளவைச் சொல்லைத்தான் எடுத்தார்கள்.

20 கிலோ மாவுக்குத் தண்ணீர் மட்டும் 12 லிட்டர் பிடிக்கும். புளித்தமா என்பது முந்தின தடவை பிசைந்ததில் எடுத்து வைத்த துண்டு, நம் உறைமோர் மாதிரி. ஒரு கைப்பிடியை நேரே 20 கிலோவில் போட்டால் ராத்திரி முழுக்க வைத்தாலும் போதாது. வேறு கிருமிகள் முந்திக்கொள்ளும். அதனால் படிப்படியாகப் பெருக்க வேண்டும்: 100 கிராம் மாலையில் அரைக் கிலோவாகும், அது 3, 4 கிலோவாகும், பிறகுதான் மொத்த மாவு. ஒவ்வொரு தடவையும் புளித்தமாவைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு பிசைய வேண்டும். கட்டியாகப் போட்டால் நுண்ணுயிர் தானாக நடந்து போகாது. ஒரு பக்கம் பொங்கும், மறுபக்கம் கல்லாக நிற்கும். தண்ணீர் கை பொறுக்காத சூடாக இருந்தால் செத்துவிடும். நேரம் தப்பினால் மாவின் இழுவை அறுந்து கையோடு ஒட்டும், அடுப்பில் எழும்பாது. இப்படிப் பிசைந்த 35 கிலோவில் நூற்றுக்கு மேல் அப்பம் வரும். ஒரு வீட்டுக்கு அல்ல, ஒரு தெருவுக்கு.

‘அடக்கி வைத்தாள்’ என்பதை ஒளித்துவிட்டுச் சும்மா இருந்தாள் என்று வாசிக்காதீர்கள். மூலச் சொல்லுக்கு உள்ளே மறைப்பது என்று அர்த்தம். பிசைந்து முடித்த மாவில் புளித்தமா எங்கே என்று அவளாலேயே காட்ட முடியாது.

உங்கள் வீட்டு விஷயம் சம்பந்தமில்லாதது என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தம் இருக்கிறது: நீங்களும் அந்த வீட்டுக்குள் மறைந்த புளித்தமாதான். ஆனால் அசைவில்லை, அசைவில்லை என்று மாவை மூடிய துணியைத் தினமும் தூக்கிப் பார்க்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். மாமியார் முகத்தில் மனந்திரும்புதலைத் தேடாமல் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு புளித்தமாவைப் புதிதாக உண்டாக்கிப் பாருங்கள். தவிடு நீக்காமல் அரைத்த கோதுமை மாவு 50 கிராம், குளோரின் இல்லாத தண்ணீர் 50 மில்லி, கண்ணாடிப் பாட்டிலில் கலந்து மெல்லிய துணியால் மூடுங்கள். தினமும் பாதியை எடுத்துவிட்டு அதே அளவு மாவும் தண்ணீரும் சேருங்கள். இரண்டாம் நாள் வேகமாகக் குமிழி விடும், வாடை நன்றாயிராது. அது வேறு கிருமி, நமக்கு வேண்டிய ஈஸ்ட் இன்னும் எழும்பவில்லை. அடுத்த நாள் எல்லாம் அடங்கிப்போகும். இரண்டு மூன்று நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி கிடக்கும். செத்துப்போயிற்று என்று பலர் கொட்டிவிடுவது அந்த நாட்களில்தான். உள்ளே புளிப்பு ஏறி, முதலில் வந்த கிருமிகள் ஒடுங்கிக்கொண்டிருக்கும் சமயம் அது. கொட்டாதீர்கள். அன்றைக்கும் மாவும் தண்ணீரும் போடுங்கள்.