மார்கழிக் காலையில் காரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டுமா?

கேள்வி: தொண்டியில் இருக்கிறோம். பெட்ரோல் கார், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. மார்கழி பிறந்ததிலிருந்து மாமனார் தினமும் விடிகாலையில் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்ட பிறகுதான் வண்டியை எடுக்க விடுகிறார். யூடியூபில் அமெரிக்காக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். இது தேவையா?

பதில்:

தேவையில்லை. செல்ஃப் எடுங்கள், சீட் பெல்ட்டைப் போடுங்கள், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். அந்த அரை நிமிடம் போதும். முதல் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் விரட்டாமல் ஓட்டுங்கள்.

உங்கள் கேள்விக்கு விடை இவ்வளவுதான். ஆனால் அதே பத்து நிமிடத்தை வருடக்கணக்காக வீணடித்தவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் உச்சிப்புளிப் பக்கம். அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். பெட்ரோல் அம்பாசிடர். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை எங்கள் ஊர்க் கார்களுக்கு மண்டபத்தோடு சாலை முடிந்துவிடும். ராமேஸ்வரம் போகிறவர்கள் அங்கிருந்து ரயிலில்தான் போக வேண்டும். ஆகவே அப்பாவுக்கு தேவிபட்டினம், சேதுக்கரை, உத்தரகோசமங்கை, ஏர்வாடி என்றுதான் சவாரி. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, சோக்கை இழுத்துவிட்டு வண்டியைக் கிளப்புவார். அது முக்கி, தும்மி, இருமி ஒரு நிலைக்கு வருவதற்குள் பல் விளக்கி, கடுங்காப்பி குடித்து, சட்டை மாட்டி வந்துவிடுவார். சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுவதில் அவருக்கென்று ஒரு கைப்பக்குவம் இருந்தது. வேறு யாரையும் தொட விடமாட்டார்.

அன்றைக்கு அது சரியான பழக்கம். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலைக் காற்றோடு கலப்பது ஒரு சின்ன துவாரமும் உறிஞ்சலும்தான். அதற்கு அறிவு கிடையாது. இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது, போகிற வழியில் குழாய்ச் சுவரிலேயே ஈரமாக ஒட்டிக்கொள்ளும். சிலிண்டருக்குப் போய்ச் சேருவது குறைவு. அதனால் சோக் காற்றை அடைத்து, பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். சூடேறும் முன் கியர் போட்டு இழுத்தால் வண்டி தெரு முனையில் அணைந்து நிற்கும், பின்னால் வருகிறவன் வாழ்த்துவான். உங்கள் மாமனாரும் அந்தக் காலத்து வண்டி ஓட்டியவராகத்தான் இருப்பார்.

2000ஐ ஒட்டி மாருதி 800 உட்பட நம் ஊர்க் கார்கள் எல்லாம் ஊசிவழி எரிபொருள் பீய்ச்சும் முறைக்கு மாறிவிட்டன. உங்கள் காரில் இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் எவ்வளவு சூடு, உள்ளே வரும் காற்று எவ்வளவு சூடு என்று பார்க்க சென்சார் இருக்கிறது. அதைக் கேட்டு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் நிமிடத்துக்கு 1200, 1300 சுற்றில் கொஞ்சம் சத்தமாக ஓடி, பிறகு மெல்ல 800க்கு இறங்குகிறதே, அதுதான் இன்றைய சோக். அப்பாவின் கைப்பக்குவம் முழுக்க அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது.

ஆயில் மேலே ஏற நேரம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், இரண்டு மூன்று நொடி. டேஷ்போர்டில் சிவப்பாக எரியும் ஆயில் விளக்கு அணைந்துவிட்டால் அழுத்தம் வந்துவிட்டது என்று பொருள். அப்பா காலத்து 20டபிள்யூ-50 ஆயில் பாகு மாதிரி இருக்கும். இப்போது 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்றெல்லாம் தண்ணீராக வருகிறது. அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரிலும் அந்த ஆயில் கெட்டிப்படாமல் ஓடும்.

சரி, இனி குளிருக்கு வருவோம். நாம் எதைக் குளிர் என்கிறோம்? பாம்பன், மண்டபம் பக்கம் வாடைக்காற்று அடிக்கிற மார்கழி விடியலிலும் 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. சித்திரை வைகாசியில் அதே நேரத்துக்கு 27, 28 இருக்கும். இன்ஜின் வேலை செய்ய விரும்பும் சூடு 90 டிகிரியை ஒட்டியது. ஆக, வைகாசியில் அது 62 டிகிரி ஏற வேண்டும், மார்கழியில் 68. வைகாசியில் உங்கள் மாமனார் பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னாரா? மப்ளர் கட்டிக்கொள்வது நாம்தான். வண்டிக்கு ஆறு டிகிரி ஒரு பொருட்டே இல்லை.

நீங்கள் பார்த்த அமெரிக்க வீடியோக்களின் கதை வேறு. அங்கே கண்ணாடியில் பனி கட்டியாக உறைந்திருக்கும்; அதை இளக்கவும், உள்ளே உட்காருகிற ஆள் விறைக்காமல் இருக்கவும்தான் முன்னதாக ஓடவிடுகிறார்கள். கனடாவில் மைனஸ் 30 போகிற ஊர்களில் இரவெல்லாம் கரண்டில் செருகி இன்ஜினைக் கதகதப்பாக வைத்திருக்க ஒரு ஹீட்டரே உண்டு. நம் நாட்டிலும் அப்படி இடம் இருக்கிறது. என் மச்சான் ராணுவத்தில் லாரி ஓட்டினான், லடாக்கில் இரண்டு குளிர்காலம். சாதாரண டீசலில் உள்ள மெழுகு அந்தக் குளிரில் உறைந்து பில்டரை அடைத்துவிடும் என்பான். 2019இல் இந்தியன் ஆயில் அதற்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. லீவில் வந்தவன், நான் மார்கழியில் காரை ஓடவிட்டு நிற்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஆனாலும் நான் விடவில்லை. அப்பா செய்ததை மகன் செய்வதுதானே. தினமும் பத்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கடைக்குப் போய் நிறுத்துவேன். ஒரு நாள் பிக்கப் இல்லை, வண்டி நடுங்குகிறது என்று கொண்டுபோனேன். மெக்கானிக் பாய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அடுப்புக் கரி மாதிரி இருந்தது.

"காலையில சும்மா நிறுத்திவச்சு ஓட்டுறீங்களா தம்பி?"

"ஆமா பாய், குளிருல்ல, சூடாகட்டும்னு..."

"வண்டிக்குக் குளிருதுன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

பிறகு அவர் விளக்கியதன் சாரம் இது. ஆறிய இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விடும். சும்மா நின்று ஓடுகிற இன்ஜினுக்குப் பாரம் இல்லை, அதனால் சூடு மெதுவாகத்தான் ஏறும். ஆக, கூடுதல் பெட்ரோல் கூடுதல் நேரம் போய்க்கொண்டே இருக்கும். சரியாக எரியாத மிச்சம் பிளக்கில் கரியாகப் படிகிறது. சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடும் கலக்கிறது. தேய்மானத்தைத் தடுக்கத்தான் நிறுத்தி ஓட்டுகிறோம் என்று நினைத்தேன். நான் செய்தது அதற்கு நேர் எதிர். வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் அதே சூடு பாதி நேரத்தில் வந்துவிடும். அதோடு, நின்ற இடத்தில் எவ்வளவு ஓடவிட்டாலும் கியர்பாக்ஸ் ஆயிலும் சக்கர பேரிங்கும் டயரும் சூடாவதே இல்லை. உருண்டால்தான் அவற்றுக்குச் சூடு. அதனால்தான் முதல் சில கிலோமீட்டர் நிதானம் என்றேன். ஸ்டார்ட் செய்தவுடன் 'ரேஸ்' கொடுக்கிற பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள். அதைவிட மோசமானது எதுவும் இல்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அளவு பெட்ரோல் கார் சும்மா நின்று ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 மில்லி. மாதம் மூன்று லிட்டர். மாமனாருக்கு இந்தக் கணக்கு ஒருவேளை புரியலாம்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். எங்கள் வீட்டில் கார் நிறுத்தும் கொட்டகைக்கும் அப்பத்தா படுக்கிற அறைக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான். சைலன்சர் அந்தப் பக்கம். அப்பத்தா இருமிக்கொண்டே எழுந்து வந்து, "கொசுவுக்குப் புகை போடுறியா, எனக்குப் போடுறியா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய இடத்தில் ஆளையே கொன்றுவிடும். ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள் ஒரு நிமிடம்கூட வண்டியை ஓடவிடாதீர்கள்.

"கடலுக்குப் போகிறவர்கள் இன்ஜினை ஓடவிட்டுத்தானே படகை எடுக்கிறார்கள்" என்று கரையில் யாராவது சொல்வார்கள். விசைப்படகில் அது நியாயம். படகு கிளம்பினால் இன்ஜினுக்கு உடனே முழுப் பாரம். குளிர்விக்கிற தண்ணீர் குழாய் வழியாக வெளியே வருகிறதா என்று கரையிலேயே பார்த்தாக வேண்டும். நடுக்கடலில் நின்றுபோனால் தள்ளிவிட ஆள் கிடையாது.

இப்போது, நான் உண்மையிலேயே சொல்ல நினைத்த விஷயம். நம் கரையில் குளிர்ந்தே ஓடுகிற இன்ஜின்கள் இருக்கத்தான் செய்கின்றன. அதற்குக் காரணம் மார்கழி இல்லை.

நான் முன்பு ஒரு பழைய காரை இரண்டாம் கையாக வாங்கினேன். மைலேஜ் மகா மோசம். சூடு காட்டும் முள் கால் பங்குக்கு மேல் ஏறாது. ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி போய்ச் சேரும்போதும் அப்படியே. பாம்பன் பாலத்தில் வாடை அடிக்கும்போது ஏறிய கொஞ்சமும் கீழே இறங்கும். எனக்கோ ஒரே பெருமை: வண்டி ஹீட்டே ஆகலைப்பா! பாய்தான் கண்டுபிடித்தார். முன்பு யாரோ ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுத்து நிறுத்துகிற வால்வு அது. 80 டிகிரிக்கு மேல் போனால்தான் திறக்கும். வெயில் ஊரில் வண்டி கொதிக்கும் என்று பயந்து அதையே எடுத்துவிடுவது பல பட்டறைகளில் வழக்கம். எடுத்துவிட்டால் இன்ஜின் எப்போதும் அரைச் சூட்டில்தான் ஓடும். கம்ப்யூட்டர் இன்னும் விடியவில்லை என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். சில நூறு ரூபாய் வால்வு ஒன்று போட்டதும் முள் நடுவில் வந்து நின்றது, மைலேஜும் திரும்பியது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிய பிறகும் உங்கள் காரில் முள் நடுவுக்கு வரவில்லை என்றாலோ, இன்ஜின் ஆறியிருப்பதைக் காட்டும் நீல விளக்கு அணையவில்லை என்றாலோ, முதலில் இதைப் பாருங்கள்.

இதற்கு அண்ணன் தம்பியான இன்னொரு தப்பும் உண்டு: ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் ஊற்றுவது. நம் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று தொண்டியில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாயிலேயே வைக்க முடியாத உவர்நீரை இன்ஜினுக்குள் விட்டால் உள்ளே உப்புக் காறை படிந்து வழியை அடைக்கும். பிறகு வண்டி கொதிக்கும், கொதித்தால் வால்வைக் கழற்றுவார்கள். கம்பெனி சொன்ன கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பியதும் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு வரும். அது ஹீட்டர் பிளக். அணையும்வரை பொறுத்து, பிறகு செல்ஃப் எடுங்கள். நம் ஊரில் ஓரிரு நொடியில் அணைந்துவிடும். டர்போ உள்ள வண்டியானால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரட்டிக்கொண்டு வந்து நின்றதும் படக்கென்று அணைக்காமல் அரை நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நல்லது. நின்று ஓடவிடுவதற்குப் பொருள் உள்ள இடம் அது ஒன்றுதான்.

மிச்சமாகும் அந்தப் பத்து நிமிடத்தில் கடற்கரை ஊர்க்காரனுக்கு வேறு வேலை இருக்கிறது. பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். உப்புக்காற்றில் அது சீக்கிரம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். காலையில் செல்ஃப் எடுக்காமல் போவதற்கு அதுதான் பாதிக் காரணம், குளிர்மேல் பழி போடுவார்கள். வெந்நீர் ஊற்றித் துடைத்து, கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். தனுஷ்கோடி அரிச்சல்முனை பக்கம் போய்வந்தால் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

அப்புறம் முன் கண்ணாடி. நம் பனியில் உப்பு இருக்கிறது. மண்ணும் சேர்ந்திருக்கும். காய்ந்தும் காயாமலும் இருக்கிற அந்தப் படலத்தின்மேல் வைப்பரைப் போட்டால் கண்ணாடி கீறும், எதிர் வண்டி வெளிச்சத்தில் கண்ணே தெரியாது. இதை நான் எங்கள் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டேன். மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கைக்குக் கிளம்பினால் அவர்தான் ஒரு செம்பு காவிரித் தண்ணீரும் பழைய வேட்டித் துண்டுமாக முதலில் இறங்குவார். நாலு கண்ணாடியும் அவர் மனசுக்குத் திருப்தியாகத் துடைத்து முடிக்க எட்டு நிமிடமாவது ஆகும். அதுவரை நான் இன்ஜினைத் தொடுவதில்லை. துடைத்து முடித்து ஏறி உட்கார்ந்ததும், "கொஞ்ச நேரம் ஓடட்டும்ப்பா" என்பார். பெல்ட் மாட்ட அவருக்கு அரை நிமிடம் ஆகும். மாட்டி முடித்ததும் கிளம்பிவிடுவேன், அவருக்கும் சந்தேகம் வருவதில்லை.

உங்கள் மாமனாரிடமும் செம்பைக் கொடுத்துப் பாருங்கள். சாவியை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.