நான்கு லட்சத்துக்கு முன் ஒரு கிழக்கு யன்னல்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் வீடு கட்டுகிறோம். 72 வயது அம்மாவுக்கு இரவில் தூக்கம் குறைவு. மூளைக்கு இதமான அறை என்று நிறம், விளக்கு, சுவர்ப்பலகை எல்லாம் சேர்த்து ஒருவர் நான்கு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்த ஆட்கள் எல்லோரும் 1984இல் வந்த, அமெரிக்க ஆய்வாளர் றோஜர் அல்ரிச்சின் ஆய்வைக் காட்டுவார்கள். பித்தப்பை சத்திரசிகிச்சை முடிந்தவர்களில், யன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் பார்த்தது வெளியே நின்ற மரத்தை. இவர் விற்பது பிளாஸ்டிக் இலை ஒட்டிய பலகை. வளவில் நிற்கும் வேம்பை வெட்டாமல் விடுங்கள், அது போதும்.

நம் கண்ணில் சில கலங்களின் முக்கிய வேலையே பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வது. காலை வெளிச்சம் பட்டால்தான் இரவுத் தூக்கம் நேரத்துக்கு வரும். திருகோணமலையில் சூரியன் கடலில் எழும்புகிறது. அம்மாவின் கட்டிலைக் கிழக்கு யன்னலோரம் போடுங்கள். மாரி மழையும் அந்தப் பக்கத்தால்தான் அடிக்கும், தாழ்வாரத்தை நன்றாக நீட்டச் சொல்லுங்கள். அலுமினியக் கடைக்காரர் யன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடியைத் தலையில் கட்டப் பார்ப்பார், அது வெளிச்சத்தை மறைக்கும், வாங்காதீர்கள். மேற்குச் சுவரில் பெரிய யன்னல் வேண்டாம். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் அதனூடாக வரும் பின்னேர வெயிலைக் குடித்த அறைச் சுவர் நடு இரவிலும் சுடும். உடம்பு குளிராமல் நித்திரை எப்படி வரும்?

இரவில் அறை இருட்டாக இருக்கட்டும் என்பது பொது விதி. அம்மாவுக்கு மட்டும் அது அப்படியே பொருந்தாது. இரவில் இரண்டு தரம் எழும்புவாரென்றால் கும்மிருட்டில் விழுந்து இடுப்பு முறியும். வெள்ளை விளக்கைப் போட்டாலோ மூளை விடிந்துவிட்டது என்று எண்ணிவிடும். ஆகவே கட்டிலிலிருந்து கழிவறை வரை முழங்கால் உயரத்துக்குக் கீழே மங்கலான மஞ்சள் விளக்கு வையுங்கள். படுத்திருப்பவர் கண்ணுக்கு குமிழ் தெரியக் கூடாது, தரை மட்டும் தெரிய வேண்டும். கழிவறைக்குள்ளும் இரவுக்கு அதே மஞ்சள்தான். சுவிட்ச் கட்டிலில் இருந்தே கைக்கு எட்டட்டும். வாசலில் படி வைக்கவே வேண்டாம்.

பிளான் அனுமதிக்குப் போனால் எல்லையிலிருந்து எத்தனை அடி விட்டீர்கள் என்று கேட்பார்கள். வெயில் எந்தப் பக்கம் என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. பிளான் வரைபவர்களும் ஒரே பிளானைத் திருப்பித் திருப்பி விற்கிறார்கள். மேசன் அத்திவாரம் வெட்டுமுன் ஒருநாள் காலை ஆறரைக்கும் பின்னேரம் நான்குக்கும் வளவில் நின்று பாருங்கள், அப்புறம் அம்மாவின் அறையைக் குறியுங்கள்.