சாக்லேட் கட்டி இருந்தால் குழந்தை பிறக்காதா?

கேள்வி: எனக்கு வயது 31. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்போதிருந்தே குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். பூப்பெய்திய நாளிலிருந்து மாதவிலக்கின் முதல் இரண்டு நாள்கள் எழுந்து நிற்க முடியாத வலி எனக்கு உண்டு. தாம்பத்திய உறவின்போதும் ஆழத்தில் வலிக்கிறது. 'ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்றே வீட்டில் சொல்லிவந்தார்கள். முன்பு எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது, இடது சினைப்பையில் 3 செ.மீ. அளவில் 'சாக்லேட் கட்டி' இருப்பதாகவும், இது எண்டோமெட்ரியோசிஸ் என்றும் சொல்கிறார்கள். உடனே அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார் ஒரு மருத்துவர். அவசரம் வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எனக்குக் குழந்தை பிறக்குமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பிறக்க வாய்ப்பு உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்குக் கருத்தரிப்பதில் சிரமம் ஏற்படுவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. மற்றவர்கள் இயல்பாகவே தாயாகிறார்கள். ஆனால் மூன்று ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், நீங்கள் இன்னும் பொறுத்துப் பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கருப்பையின் உட்சுவரில் மாதந்தோறும் வளர்ந்து உதிரும் சவ்வைப் போன்ற திசு, சினைப்பை, கருக்குழாய், கருப்பைக்குப் பின்புறப் பள்ளம், குடல், சிறுநீர்ப்பை போன்ற இடங்களில் வளர்வதே இந்நோய். ஹார்மோன்களின் தூண்டுதலால் அங்கும் கசிவு ஏற்படுகிறது. ஆனால் அந்த இரத்தம் வெளியேற வழியில்லாததால் சுற்றிலும் அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன. சினைப்பைக்குள் இப்படித் தேங்கும் பழைய இரத்தம் கெட்டியாகிப் பழுப்பு நிறம் பெறுவதால்தான் சாக்லேட் கட்டி என்ற பெயர் வந்தது. தழும்புகள் உறுப்புகளைப் பசை தடவியதுபோல ஒன்றோடொன்று ஒட்டவைக்கும்போது, சினைப்பையிலிருந்து வெளிவரும் முட்டையைக் கருக்குழாயின் விரல் போன்ற நுனியால் பற்றிக்கொள்ள முடியாமல் போகிறது. ஒட்டல் ஏதும் இல்லாதவர்களிலும், அழற்சி முட்டையின் தரத்தையும் விந்தணுவின் இயக்கத்தையும் பாதிக்கக்கூடும்.

முந்தைய ஸ்கேனில் ஒன்றும் தெரியாததை நினைத்துக் குழம்ப வேண்டாம். கட்டியாகத் திரளாமல் வயிற்று உள்ளுறையில் படிந்திருக்கும் புள்ளிகள் சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் புலப்படுவதில்லை. வலியின் கடுமைக்கும் நோயின் பரவலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சிறு புள்ளிகள் உயிர் போகும் வலியைத் தரலாம், பெரிய கட்டி சத்தமின்றி இருக்கலாம். உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு உள்ள இந்நோய், அறிகுறி தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே கண்டறியப்படுகிறது என்பது எனக்கு மிகுந்த வேதனை தரும் உண்மை. படுக்கையில் முடக்கிப்போடும் மாதவிலக்கு வலியை இயல்பென்று சொல்லிச் சொல்லியே நாம் அந்த ஆண்டுகளை இழக்கிறோம். குழந்தை பிறந்தால் குணமாகும் என்பதும் தவறு. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி தணியலாம். அது நோய் தீர்ந்ததாக ஆகாது.

இனி அறுவை சிகிச்சை பற்றி. கட்டியை உரித்தெடுக்கும்போது அதை ஒட்டியுள்ள நல்ல சினைப்பைத் திசுவும், அதிலுள்ள முட்டைகளும் சேர்ந்து போகக்கூடும். முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையைச் செய்வதற்கு முன் இத்தகைய கட்டியை வழக்கமாக அகற்றுவதால் குழந்தைப்பேறு கூடுவதில்லை என்பதால், அதற்காக மட்டும் அறுவை வேண்டாம் என்றே ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் கூறுகிறது. பொறுக்க முடியாத வலி, கட்டியின் தன்மையில் ஐயம், முட்டை எடுக்கும் ஊசிக்குக் கட்டி தடையாக இருத்தல் ஆகிய சூழல்களில் கணக்கு மாறும். உங்களுக்கு வலியும் இருப்பதால் இரு மருத்துவர்களின் கருத்திலும் நியாயம் உண்டு. எனவே கத்தியை எடுக்கும் முன், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். இரத்தப் பரிசோதனை, கருக்குழாய் அடைப்புக்கான பரிசோதனை, உங்கள் கணவருக்கு விந்துப் பரிசோதனை ஆகிய மூன்றையும் முடித்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பல குடும்பங்கள் தள்ளிப்போட்டு, பெண்ணை மட்டும் மேசையில் கிடத்துகின்றன, அது அநியாயம்.

குழாய்கள் திறந்திருந்து நோய் லேசாக இருந்தால், முட்டை வளர்ச்சிக்கான மருந்துடன், விந்தணுவைக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஐ.யு.ஐ. முறையை முயலலாம். குழாய்கள் பாதிக்கப்பட்டிருந்தாலோ முட்டை இருப்பு குறைந்திருந்தாலோ, காலம் கடத்தாமல் ஐ.வி.எஃப். பற்றிப் பேசுவதே நல்லது. வலிக்காகத் தரப்படும் ஹார்மோன் மாத்திரைகள் முட்டை வெளியாவதைத் தடுக்கக்கூடியவை. கருத்தரிக்கும் வாய்ப்பை அவை கூட்டுவதில்லை என்பதால், நீங்கள் குழந்தைக்கு முயல்வதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் 16 வயது மகளுக்கு மாதவிலக்கு வலி கடுமையாக இருப்பதால் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் குழந்தைப்பேற்றைக் கெடுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

– ஒரு தாய்

பதில்: கெடுக்காது. மாத்திரையை நிறுத்தியதும் முட்டை வெளியாவது மீண்டும் தொடங்கிவிடும். பள்ளிக்குப் போக முடியாத அளவு வலிக்கும் பெண்ணுக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம் என்று இந்த வயதிலேயே கருதிச் சிகிச்சை தொடங்குவது சரியான முடிவே. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களுக்குப் பிறகும் வலி குறையாவிட்டால், அல்லது மாதவிலக்கு நாள்களில் மலம் கழிக்கும்போது வலித்தால், மகப்பேறு மருத்துவரிடம் மீண்டும் அழைத்துச் செல்லுங்கள்.