டப்பாவில் கிடந்த 120
பழைய கார் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவின் பழைய பியட்டை மறுபடி ஓட்டத் தயார் செய்கிறேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், சோலெக்ஸ் கம்பெனியுடையது. ஷெட்டில் ஒரு தகர டப்பா நிறையப் பித்தளைச் சாமான்கள். அதில் ஒரு சின்னக் குழாய், பக்கவாட்டில் பொடிப்பொடியாக ஓட்டைகள். 120 என்று எண் போட்ட ஒரு ஜெட்டும், அதாவது நடுவில் பொடித் துளை உள்ள திருகும், இருக்கிறது. வண்டியில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டோ 125. இவற்றைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம் ஐயா, இரண்டையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

ஓட்டைக் குழாய்க்கு எமல்ஷன் ட்யூப் என்று பேர். கார்புரேட்டர் மூடியைக் கழற்றினால் மேலே காற்று நுழையும் ஏர் ஜெட் தெரியும். அதைத் திருகி எடுங்கள். அடியில் உள்ள குழிக்குள்தான் இந்தக் குழாய் நிற்கும். மெயின் ஜெட் வழியாக வரும் பெட்ரோல் அந்தக் குழியில் நிறைந்திருக்கும். இன்ஜின் வேகம் ஏற ஏற மட்டம் இறங்கி, ஒவ்வொரு ஓட்டையாகத் திறக்கும். காற்று புகுந்து கலக்கும். குழாய் இல்லாமல் ஓட்டினால் இந்தக் கணக்கே கெட்டுவிடும். அதனால் உங்கள் வண்டிக்குள் இப்போது ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுத்தம் செய்தவர் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மறந்துபோய் மூடிய வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன.

அடுத்தது 120. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில், வெளியே தெரியும் பெரிய திருகைக் கழற்றி, அதன் முனையில் உள்ள 125-இன் மரையோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் அதுவும் மெயின் ஜெட்தான். எண் துளையின் அளவைச் சொல்கிறது: 125 என்றால் 1.25 மில்லிமீட்டர், 120 என்றால் 1.20. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது; ஆனால் துளையின் பரப்பு 8 சதவீதம் குறைகிறது. உங்கள் ஊர் உயரத்தில் காற்று, கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிவு. காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைக்க வேண்டும் அல்லவா? அந்த 120-ஐ அப்பா மலைக்கென்றே வாங்கி வைத்திருப்பார் என்பது என் கணிப்பு. போட்டு ஓட்டிவிட்டு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். 125-இல் கரி பிடித்திருந்த ப்ளக் 120-இல் வெளிர் காப்பி நிறத்துக்கு வந்தால் வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் மேட்டுப்பாளையம் இறங்கி வெயிலில் தூரம் ஓட்டுவதானால் 125-ஐ மாட்டிக்கொண்டு போங்கள். பெட்ரோல் பற்றாமல் ஓடினால் இன்ஜின் சூடேறும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஜெட் அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மெத்து. துளை அகன்றுவிடும், எண் பொய்யாகிவிடும். பெட்ரோலில் ஊறப்போட்டு, பம்பால் காற்றடித்தால் போதும்.

கேள்வி: மோரிஸ் மைனர், எஸ்.யு. கார்புரேட்டர். டப்பாவில் நுனி சிறுத்துக்கொண்டே போகும் ஒரு ஊசி. கருப்புத் தொப்பி வைத்த ஒரு குச்சியும் இருக்கிறது. புளோட் ஊசியா?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: இல்லை அம்மா. கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் வரத்தை அடைக்கும் புளோட் ஊசி குட்டையாக இருக்கும். உங்களிடம் இருப்பது கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனின் அடியில் மாட்டும் ஜெட் ஊசி. தடித்த முனையில் பொறித்த எழுத்தை லென்ஸ் வைத்துப் படியுங்கள். அதுதான் ஊசியின் ரகம். வண்டியில் உள்ள எழுத்து வேறானால், இது பெட்ரோலைக் குறைத்து விடும், மலைக்கான ஊசியாகவும் இருக்கலாம். தொப்பிக் குச்சி, அந்தப் பிஸ்டன் சட்டென்று எகிறாமல் தடுக்கும் டேம்பர். கோபுரம் மாதிரி நிற்கும் மேல்மூடியின் உச்சியில் திருகுவது. அங்கே மெல்லிய இன்ஜின் ஆயில் கொஞ்சம் இருந்தாக வேண்டும். வற்றினால் ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் வண்டி திக்கும். டப்பாவில் பிஸ்டன் கிடைத்தால் அதை உங்கள் மூடிக்குள் போடாதீர்கள். அவை இரண்டும் ஜோடியாகப் பொருத்தி வருபவை.

கேள்வி: என்னிடம் உள்ள பாகத்தின் படத்தை அனுப்பலாமா?
- வாசகர், கூடலூர்

பதில்: தாராளமாக. பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, பொறித்த எண் தெரிகிற மாதிரி எடுங்கள். கார்புரேட்டரின் உடலில் உள்ள எழுத்தையும் தனியாகப் படம் எடுத்து அனுப்புங்கள்.