வீடு தேடும் நிகழ்ச்சியில் நாமே போய் நின்றால்?

கேள்வி: ஊர் மாற நினைப்பவர்களுக்கு மூன்று வீடுகளைச் சுற்றிக் காட்டும் டிவி நிகழ்ச்சிகளை விடாமல் பார்ப்பவள் நான். கலந்துகொள்பவர்களுக்கு அது எப்படி இருக்கும்? கடைசியில் நிஜமாகவே வாங்குகிறார்களா?

பதில்: முதலில் கால் வலிக்கும். திரையில் ஒரு நிமிஷம் வரும் சமையலறைக்கு, கேமரா உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது ஒரு தடவை, அப்புறம் உள்ளே போய் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது இன்னொரு தடவை என்று அதே கதவைத் திறந்து "அடடா, எவ்வளவு வெளிச்சம்!" சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாம் தடவை வியப்பு தானாக வராது, வரவழைக்க வேண்டும்.

வாங்குவது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். அமெரிக்காவில் 1999-ல் தொடங்கிய 'ஹவுஸ் ஹன்டர்ஸ்' விஷயத்தில், 2012-ல் கலந்துகொண்ட ஒரு பெண்ணே குட்டை உடைத்தார்: வீட்டை வாங்கி முடிக்கும் நிலைக்கு வந்த பிறகுதான் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்களாம், "பார்த்த" மற்ற வீடுகள் நண்பர்களுடையவை, விற்பனைக்கே இல்லாதவை! பிபிசியில் 2002 முதல் வரும் 'எஸ்கேப் டு தி கன்ட்ரி' வேறு ரகம். அங்கே வருபவர்கள் நிஜமாகவே தேடுபவர்கள், அதனால்தான் பலர் எதையும் வாங்காமல் கையை ஆட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

இன்னொன்று, உங்கள் பட்ஜெட்டை ஊரே கேட்கும். ஒளிபரப்பாவதற்குள் மாதக்கணக்கில் ஆகிவிடும் என்பதால் பேரம் கெடாது, சொந்தக்காரர்கள்தான் "இவ்வளவு பணமா?" என்று ஆரம்பிப்பார்கள்.