கொடி தைத்தாயிற்று, பதிவு எங்கே செய்வது?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்று பேரூராட்சி கவுன்சிலர் ஆனவன் நான். என்னைப்போல் சிலர் சேர்ந்து கட்சி தொடங்க முடிவெடுத்து, பெயர் வைத்து, கொடியும் தைத்துவிட்டோம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் போதும் என்கிறார் ஒருவர். சென்னைக்குப் போய் மாநிலத் தேர்தல் ஆணையத்தில் கொடுக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். எது சரி? சின்னம் உடனே கிடைக்குமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: இரண்டுமே சரியில்லை. மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்தால் நீங்கள் ஒரு சங்கம், அவ்வளவுதான். மாநிலத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சித் தேர்தலை நடத்துகிற அமைப்பு. கட்சியைப் பதிவு செய்வது இந்தியத் தேர்தல் ஆணையம். 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 29ஏ என்ற பிரிவு இதற்கென்றே இருக்கிறது. 1989-லிருந்து நடைமுறையில் உள்ளது. விண்ணப்பத்தை ஆணையத்தின் செயலாளர் பெயருக்கு, புதுடெல்லியில் அதன் தலைமை அலுவலகமான நிர்வாச்சன் சதனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம்.

உங்களிடம் நான் முதலில் கேட்க வேண்டியது, கட்சி எந்தத் தேதியில் தொடங்கப்பட்டது என்பதைத்தான். தொடங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் டெல்லி போய்ச் சேர வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் அலுவலகத்துக்கு ஒரு குழு வந்தது. மண்டபம் பிடித்து, தொடக்க விழா நடத்தி, போட்டோவெல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள். விழா முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேறு வழியில்லாமல் மறுபடி ஆளைக் கூட்டி, புதிதாகத் தீர்மானம் போட்டு ஆரம்பித்தார்கள். அதனால் காகிதங்களை முதலில் தயார் செய்யுங்கள், தொடக்க விழாவை அப்புறம் வையுங்கள்.

விண்ணப்பத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள், தலைமை அலுவலக முகவரி, உறுப்பினர் எண்ணிக்கை, கிளைகள் உண்டா என்ற விவரமெல்லாம் கேட்பார்கள். கூடவே 10,000 ரூபாய்க்கு டிமாண்ட் டிராஃப்ட். அது திரும்ப வராது. கட்சி விதிகளையும் அச்சடித்து இணைக்க வேண்டும். இந்திய அரசியலமைப்புச் சட்டத்துக்கும், சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் என்ற கொள்கைகளுக்கும் உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்போம், நாட்டின் இறையாண்மையையும் ஒற்றுமையையும் ஒருமைப்பாட்டையும் காப்போம் என்ற வாசகம் அந்த விதிகளுக்குள்ளேயே இருக்க வேண்டும். தனிக் கடிதமாக எழுதிக்கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். கட்சிக்குள் குறைந்தது 5 வருடத்துக்கு ஒருமுறை நிர்வாகிகள் தேர்தல் நடக்கும், பதிவாகி 5 வருடத்துக்குள் ஆணையம் நடத்தும் ஒரு தேர்தலிலாவது போட்டியிடுவோம் என்பதையும் எழுதியாக வேண்டும்.

இனி நூறு பேர் விஷயம். குறைந்தது 100 உறுப்பினர்கள் வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக, நான் இந்தத் தொகுதி வாக்காளர், வேறு எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். நோட்டரி என்ற முறையில் இந்தப் பத்திரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நூறு பத்திரங்களையும் கையெழுத்துடன் ஒரே கட்டாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். ஆட்கள் எங்கே என்று கேட்டேன். வேலைக்குப் போயிருக்கிறார்கள், நீங்கள் முத்திரை போடுங்கள் என்றார்கள். மறுத்து, ஆட்களை நேரில் வரச்சொன்னேன். வந்தவர்களில் ஒரு பெண், மகளிர் குழுக் கடனுக்கு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஓர் இளைஞர் ஏற்கெனவே வேறொரு கட்சியின் உறுப்பினர் அட்டை வைத்திருந்தார். அவர்கள் பெயரில் பொய்ச் சத்தியம் டெல்லிக்குப் போயிருந்தால், பின்னால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். நூறு பேரையும் உட்காரவைத்து, பத்திரத்தைத் தமிழில் படித்துக்காட்டுங்கள். விருப்பமில்லாதவரை விட்டுவிடுங்கள். தானாக வரும் நூறு பேர் கிடைக்காத இடத்தில் கட்சி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண் சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் பரிசீலனைக்கு வந்தபின் இரண்டு தேசிய நாளிதழ், இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் இரண்டு நாள் விளம்பரம் தர வேண்டும். ஆட்சேபணை சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. நான் பார்த்தவரை டிராஃப்ட் தொகையைவிட விளம்பரத்துக்குத்தான் செலவு அதிகம். இருக்கிற கட்சியின் பெயரைப்போல உங்கள் பெயர் இருந்தால் சிக்கல் வரும், மாற்றுப் பெயர்களை யோசித்து வையுங்கள். எவ்வளவு நாள் ஆகும் என்றும் மனதில் கேள்வி இருக்கும். தமிழக வெற்றிக் கழகம் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது, பதிவானது செப்டம்பரில்.

சின்னம் உடனே வராது. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவானால் நீங்கள் 'பதிவு செய்யப்பட்ட, அங்கீகரிக்கப்படாத கட்சி'. நிரந்தரச் சின்னம் வேண்டுமென்றால் 1968-ஆம் வருடச் சின்னங்கள் ஆணைப்படி தேர்தலில் போதிய ஓட்டோ இடமோ வாங்கிக் காட்ட வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் இரண்டு இடங்களில் ஜெயித்தும், நாம் தமிழர் கட்சி ஓரிடமும் ஜெயிக்காமல் 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியும் மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றன. அதுவரை பொதுப் பட்டியலில் மீதமிருக்கும் சின்னங்களில் ஒன்றுதான். உங்கள் வேட்பாளர்கள் எல்லோருக்கும் அந்தத் தேர்தலுக்கு மட்டும் ஒரே சின்னம் வேண்டுமென்று முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: ஒருமுறை பதிவான கட்சியை ரத்து செய்ய முடியாது என்கிறார்களே?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: மோசடியாகப் பெற்ற பதிவு போன்ற ஒருசில காரணங்களைத் தவிர ஆணையம் பதிவை ரத்து செய்ய முடியாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2019-லிருந்து ஆறு வருடமாக ஒரு தேர்தலிலும் நிற்காத கட்சிகளை 2025-ல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474. தமிழ்நாட்டுக் கட்சிகளும் அதில் உண்டு. எனக்கு இதில் மனநிறைவுதான். பதிவான கட்சிக்கு வருமான வரிச் சலுகை இருக்கிறது. 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர்கள் விவரத்தை வருடாவருடம் ஆணையத்துக்குத் தர வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும். தேர்தலில் நிற்காமல் நன்கொடை மட்டும் வாங்கும் கட்சி ஊருக்கு எதற்கு?

கேள்வி: பதிவு செய்யாமலே தேர்தலில் நிற்க முடியாதா ஐயா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தாராளமாக நிற்கலாம், சுயேச்சையாக. வேட்புமனுவில் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும். பதிவு செய்து அங்கீகாரம் பெறாத கட்சியின் வேட்பாளருக்கும் அதே பத்துப் பேர்தான். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு மட்டும் ஒருவர் போதும்.