கேள்வி-பதில்: தியானம் யாருக்கு?

கேள்வி: வங்கிப் பணியில் ஓய்வு பெற்று, இரண்டு வருடமாகக் குன்னூரில் குடியிருக்கிறோம். வீட்டைப் பேணுவதும் ஒரு தியானம்தான் என்று அண்மையில் ஒரு சொற்பொழிவில் கேட்டேன், மனதைத் தொட்டது. ஆனால் என் மனைவிக்கு வீட்டுவேலை என்றாலே சலிப்பு. மழை பிடித்துவிட்டால் எரிந்து விழுகிறாள். இதில் உள்ள அர்த்தத்தை அவளுக்குப் புரியவைப்பது எப்படி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குன்னூர்

பதில்: ஐயா, சொற்பொழிவைக் கேட்டது நீங்கள். தியானம் பண்ண வேண்டியது மட்டும் அவரா?

பேச்சாளர் சொன்னது பொய்யில்லை. அதிலும் மலையில் வீடு பேணுவது லேசுப்பட்ட காரியமா? ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் மழை பிடித்தால் ஜாடியில் உப்பு கசிகிறது, அப்பளம் நமுத்துப்போகிறது, தீப்பெட்டியை உரசினால் குச்சியின் மருந்துதான் உதிர்கிறது. அடுப்படி ஆவியும் நாம் விடும் மூச்சும் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகக் கோத்துக்கொள்ள, அந்த ஈரத்தில் பூஞ்சை ஏறுகிறது. பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் காற்றுப் படாமல் பின்பக்கம் கறுத்தே போகும். கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததும் எந்த ஜன்னலைத் திறப்பது, மஞ்சு ஏறிவருமுன் எதைச் சாத்துவது, பட்டுப்புடவையை எப்போது வெளியே எடுத்து மடிப்பு மாற்றுவது என்பதெல்லாம் உங்கள் மனைவிக்குத் தெரியும். வங்கியில் சாயங்காலம் கணக்கை முடித்துவிட்டு எழுந்து வந்திருப்பீர்கள். இவருக்கு நேற்றுத் துடைத்த சுவரே இன்றைக்கு மறுபடியும் பாக்கி.

நான் கோத்தகிரியில் வளர்ந்தவன். மழைக்காலத்தில் அம்மா கரிக்கணப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, எங்கள் பள்ளிச் சட்டைகளை அதன் மேல் பரப்புவார். காலையில் சட்டை முதுகில் கூடைப் பின்னலின் தடம் லேசான பழுப்பில் விழுந்திருக்கும். எனக்கு அது வெட்கமாக இருக்கும்; வகுப்பில் பாதிப் பேர் முதுகில் அதே தடம் இருந்ததைக் கவனிக்கத் தோன்றவில்லை. அம்மா நடுராத்திரியில் எழுந்து அந்தச் சட்டைகளைத் திருப்பிப் போட்டிருக்கிறார் என்பதும், ஒரு மழைக்காலத்தில் என் மகளின் சட்டையை நானே கருக்கிய பிறகுதான் உறைத்தது. (அந்தச் சட்டைக்கு இன்னும் வீட்டில் பேச்சு வாங்குகிறேன்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நீலகிரியில் தோடர் பழங்குடியினரின் மந்துகளில், அதாவது அவர்களின் குடியிருப்புகளில், பால்மனைதான் கோயில். எருமைப் பாலைக் கறப்பது, கடைவது, பாத்திரங்களைப் பார்த்துக்கொள்வது எல்லாம் மரபுப்படி ஆண்களின் வேலை. பெண்கள் உள்ளே போவதில்லை. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1906-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சடங்குகளைப் பக்கம் பக்கமாக விவரித்திருக்கிறார். ஒரு பானையைத் தொட்டு எடுத்து வைப்பதற்குக் கூட முறை உண்டு, மந்திரம் உண்டு. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பால் பானையை ஆண் பார்த்துக்கொண்டால் பூசை, சோற்றுப் பானையைப் பெண் தேய்த்தால் வீட்டுவேலை என்று நாமெல்லோரும்தானே பெயர் வைத்திருக்கிறோம்?

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்கிற பெண்ணுக்கு அதில் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் போனது; செய்கிற ஆணுக்கு 97. ‘செய்கிற’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆண்களில் அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். வங்கிக்காரருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் மனைவியின் சலிப்பு வேலையின் மேல் என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ, தோள் கொடுக்க ஆளில்லாத வீட்டில் தத்துவம் சொல்ல மட்டும் ஆள் இருப்பதுதான் காரணம் என்று படுகிறது. ஆகவே புரியவைக்கும் வேலையை ஒத்திவையுங்கள். அடுத்த மழைக்கு முன் பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுங்கள். பழைய பனியன் துணி ஒன்றும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் போதும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். துணி எங்கே இருக்கிறது என்று மட்டும் அவரைக் கேட்காதீர்கள்.